மூன்று மாடியில் மூன்று நாடுகள்

“…அதாலை, ராசன், நீ அங்கை கனக்கக் கதைக்காதை. ஒரு நாட்டின்ரை பிரதிநிதி எண்டால் பாதிக்குக் கதைக்கோணும், மிச்சப் பாதிக்குச் சிரிச்சுக்கொண்டு இருக்கோணும். விளங்குதே?”

எனக்கு விளங்கவில்லை. மொன்றியல் பஸ் நிலையத்தில் என் பையைப் பறித்துத் தன் தோளில் போட்டபடி மத்தியாஸ் அண்ணை இதைச் சொன்னபோது, பேச்சின் முற்பகுதியை பஸ்சின் இரைச்சல் விழுங்கிவிட்டிருந்தது. ரொறன்ரோவில் காலை ஒன்பதரைக்கு ஏறி, 540 கிலோமீற்றர் பஸ்சில் இருந்தபடியே வந்தவன் நான். வழியில் கிங்ஸ்ரனில் ஒன்றேகால் டொலருக்கு ஒரு கோப்பி. முழங்காலிரண்டும் மரத்துப்போயிருந்தன. எந்த நாட்டின் பிரதிநிதி என்று கேட்டேன்.

“அதை நாளைக்குப் பாப்பம். முதல்ல மெத்ரோவுக்கு வா.”

2005 ஜூன் 23, வியாழக்கிழமை, மாலை ஐந்தரை.

மத்தியாஸ் அண்ணை மன்னார்ப் பக்கம், பேசாலைக்காரர். நானும் அவரும் முன்பு இந்த ஊரில் ஒரே தையல் தொழிற்சாலையில், அடுத்தடுத்த மெஷினில் வேலை செய்தவர்கள். நான் ரொறன்ரோவுக்கு ஓடிவிட்டேன். அவர் இருந்து, பிரெஞ்சு படித்து, காற்சட்டை தைப்பவர்களுக்கு மேற்பார்வையாளராகிவிட்டார். ஆனால் ஆங்கிலம் மட்டும் அவருக்குப் படியவில்லை. “ரெண்டு வெள்ளைக்காரனையும் ஒரு வாய்க்குள்ளை வைச்சிருக்கேலாது” என்பார். என்னை அவசரமாகக் கூப்பிட்டதே ஆங்கிலத்துக்காகத்தான் என்பது மெத்ரோ சுரங்க ரயிலில் தெரிந்தது. இரண்டரை டொலர் டிக்கெற், ஜோன்-தலோனில் நீலப் பாதைக்கு மாறி, கடைசித் தரிப்பான செயின்ட்-மிஷேல் வரை கதை சொல்லிக்கொண்டே வந்தார்.

கதை இதுதான். அவருடைய வீட்டுக்கு மேல்மாடியில் இஸ்மாயில் என்றொரு டாக்சிக்காரர் இருக்கிறார். சோமாலிலாந்துக்காரர். சோமாலியா இல்லை, சோமாலிலாந்து. அதை மாற்றிச் சொன்னால் டாக்சியை நடுவீதியில் நிறுத்திவிட்டுப் பாடம் எடுப்பாராம். 1991இல் பிரிந்து தனிநாடு என்று அறிவித்தவர்கள். சொந்தக் காசு, சொந்தப் பொலிஸ், சொந்தக் கடவுச்சீட்டு எல்லாம் இருக்கிறது. இல்லாத ஒன்று, அவர்களை நாடு என்று சொல்ல இன்னொரு நாடு.

இந்த இஸ்மாயிலுக்கு ஒட்டாவாவில் தாதிப் படிப்புப் படிக்கும் ஹொடான் என்ற பெண்ணில் விருப்பம். பெண்ணுக்கும் விருப்பம். பெண்ணின் தகப்பன் வார்சமே, அவர்களுடைய தலைநகர் ஹர்கைசாவில் கால்நடை அமைச்சில் உதவிப் பணிப்பாளர். இப்போது ஒட்டாவாவுக்கு வந்திருக்கிறார். நாளை மதியம் பையனைப் பார்க்க இங்கே வருகிறார். “பையன் பெரியவர்களோடு பழகுகிறவனா?” என்று தகப்பன் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். இஸ்மாயில் பதறிப்போய், “நான் வேறு நாடுகளின் பிரதிநிதிகளோடு ஒரே கட்டடத்தில் இருக்கிறேன், அடிக்கடி சேர்ந்து சாப்பிடுவோம்” என்று சொல்லிவிட்டார்.

“அதிலை என்ன பொய்?” என்றார் மத்தியாஸ் அண்ணை. “கீழ் வீட்டிலை மதாம் ழினெட், கெபெக் நாடு. நடுவிலை நான், எங்கட நாடு. மேலை அவன். மூண்டு மாடி, மூண்டு நாடு. ஒண்டையும் ஒருத்தரும் ஏற்கேல்லை, அவ்வளவுதான்.”

வீதியெங்கும் நீலமும் வெள்ளையுமாகக் கொடிகள். அடுத்த நாள், கனடாவிலிருந்து பிரிய ஆசைப்படும் இந்தக் கெபெக் மாகாணத்தின் தேசிய நாள். பிள்ளைகள் முகத்தில் நீலம் பூசிக்கொண்டு திரிந்தார்கள். மொன்றியலில் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே, இரும்பில், பாம்பு மாதிரி வளைத்து வைத்திருப்பார்கள். ஆறு மாதம் பனி கொட்டும் ஊரில் ஏன் இப்படி என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். மத்தியாஸ் அண்ணையின் பதில்: “உள்ளுக்கை வைச்சால் படிக்கும் சூடு போடோணும். வெளியிலை வைச்சால் நாங்கள் வழுக்கினால் போதும்.”

2005 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்கே இஸ்மாயில் இறங்கி வந்துவிட்டார். நெடிய மனிதர், முப்பத்துநாலு வயது. இஸ்திரி போட்ட சட்டைக்குள்ளே ஆள் நடுங்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் ‘அண்ணை’. அதை மூன்று விதமாகச் சொல்வார்: கேள்வியாக, நன்றியாக, கெஞ்சலாக. அன்று முழுக்க மூன்றாவது விதம்தான். (மற்றவர்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசியதை நான் எழுத்துத் தமிழில் தருகிறேன். மத்தியாஸ் அண்ணை பேசியதை அப்படியே விடுகிறேன்; திருத்தினால் கோபிப்பார்.)

ஹலால் ஆட்டிறைச்சி நான்கு கிலோவும், ஒரு பெரிய சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தார். பழம் சாப்பாட்டுக்குப் பிறகா என்று ரொசலின் அக்கா, அதாவது அண்ணையின் மனைவி, கேட்டார். “சோற்றோடு” என்றார் இஸ்மாயில். ரொசலின் அக்கா என்னைப் பார்த்தார். நான் பாதிக்குச் சிரித்தேன்.

அடுத்த பிரச்சினை கொடி. மேசையில் மூன்று நாட்டுக் கொடியும் இருந்தால்தான் அழகு என்றார் இஸ்மாயில். அவருடைய பச்சை வெள்ளை சிவப்புக் கொடி தயாராக இருந்தது. மதாம் ழினெட் தன் வாசலில் பறந்த நீலக் கொடியின் சிறிய தங்கை ஒன்றைக் கொடுத்தனுப்பினார். மத்தியாஸ் அண்ணை வீட்டில் அப்படி எதுவும் இல்லை.

“கொடியும் கிடியும் இந்த வீட்டுக்குள்ளை வரப்படாது எண்டு நான் அப்பவே சொன்னனான்” என்றார் சமையலறையிலிருந்து ரொசலின் அக்கா. “கூட்டத்துக்குப் போறது, கத்துறது, தொண்டை கட்டி வாறது. ஆருக்குக் கசாயம் வைக்கிற வேலை?”

“எடியே, ஒரு நாடு கொடியில்லாமல் மேசையிலை இருக்கேலுமே?”

“நாட்டைத்தானே ஆரும் காணேல்லை, கொடியைக் காணாட்டி என்ன?”

அண்ணை கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு அறைக்குள் போய் அலுமாரியைக் குடைந்து, அழகாக மடித்த ஒரு கொடியோடு வந்தார். மஞ்சளும் வெள்ளையும். பங்குத் திருநாளுக்குக் கத்தோலிக்கக் கோயில் வளவெல்லாம் கட்டுகிற கொடிகளில் ஒன்று. பங்குச் சபையில் அலங்காரப் பொறுப்பு அவருடையது. மிச்சக் கொடிகள் அவர் அலுமாரியில்தான் இருக்கும். மன்னாரிலே இந்த மஞ்சள் வெள்ளையைக் கண்டால் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை ஞாபகம் வரும்.

“இது காணும்” என்றார். “கொடி எண்டால் கொடிதானே. கேட்டால் எங்கட ஊர்க் கொடி எண்டு சொல்லு. பொய்யில்லை.”

எனக்கும் பிழையாகப் படவில்லை. சைவக்காரனுக்கு அந்த நிறங்களைப் பற்றி என்ன தெரியும்?

பிற்பகல் இரண்டே முக்காலுக்கு, வெள்ளித் தொழுகை முடித்துக்கொண்டு வார்சமே வந்தார். ஒட்டாவாவிலிருந்து இருநூறு கிலோமீற்றர் தூரத்தைச் சொந்தக்காரர் ஒருவரின் காரில் கடந்து வந்திருந்தார். நரைத்த தாடி, சாம்பல் நிறக் கோட்டு, பழைய பிரிட்டிஷ் பள்ளிக்கூடத்து ஆங்கிலம். படியேறி வந்ததும் கோட்டின் உட்பையிலிருந்து தன் நாட்டுக் கடவுச்சீட்டை எடுத்துக் காட்டினார். இதை எந்த விமான நிலையத்தில் காட்டினீர்கள் என்று மரியாதையாகக் கேட்டேன்.

“விமான நிலையத்தில் வேறொரு நாட்டினுடையதைக் காட்டுவேன். அது காற்சட்டைப் பையில் இருக்கிறது. நெஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பது நண்பர்களுக்குக் காட்ட.”

இந்த ஆளை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

மதாம் ழினெட் எழுபதை நெருங்குகிறவர். தலை முதல் செருப்பு வரை நீலம். வார்சமே அவருக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். மேசையைப் பார்த்தார். கொடிகளைப் பார்த்தார். சட்டென்று அவருடைய முதுகு நிமிர்ந்தது. மத்தியாஸ் அண்ணையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேசையின் தலைமைக் கதிரையை அவரே இழுத்து, “நீங்கள் இங்கேதான் இருக்கவேண்டும்” என்றார். அண்ணை என்னைப் பெருமையாகப் பார்த்தார். வீட்டுக்காரருக்கு மரியாதை செய்கிற நல்ல பண்பு என்றுதான் நானும் நினைத்தேன்.

சாப்பாடு தொடங்கியது. ஆட்டுக்கறி, சோறு, மத்தியாஸ் அண்ணை வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டார் என்பதால் அவருக்கு மட்டும் மீன்குழம்பு. இஸ்மாயில் சுட்டுக்கொண்டுவந்த லஹோஹ் என்ற ஒன்று; தோசையும் அப்பமும் கலியாணம் கட்டினால் பிறக்கிற பிள்ளை மாதிரி இருந்தது. வார்சமே வாழைப்பழத்தை உரித்து, ஒரு கடி பழம், ஒரு வாய் இறைச்சிச் சோறு என்று சாப்பிட்டார். ரொசலின் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சமையலறைக்குள் போய் அதே மாதிரிச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து, என் காதில், “பரவாயில்லையடா” என்றார்.

“சித்திரை மாதத்தில் உங்களுக்கு நேர்ந்த பெரிய இழப்புக்கு என் அரசாங்கத்தின் சார்பில் அனுதாபம்” என்றார் வார்சமே, மத்தியாஸ் அண்ணையைப் பார்த்து. நான் மொழிபெயர்த்தேன். அந்த ஏப்ரலில் பாப்பரசர் இறந்திருந்தார். கத்தோலிக்கரான அண்ணையிடம் ஒரு முஸ்லிம் பெரியவர் துக்கம் விசாரிக்கிறார். எவ்வளவு நல்ல மனம்!

அண்ணை நெகிழ்ந்துபோனார். “ஓம் ஐயா. வீட்டிலை எல்லாரும் அழுதனாங்கள். இவள் மூண்டு நாளா ரீவிக்கு முன்னாலை இருந்து எழும்பேல்லை.”

“புதியவர் எப்படி?”

“நல்லவராம். இன்னும் பழகேல்லை.”

வார்சமே ஆழமாகத் தலையசைத்தார். இப்படி அடக்கமாகப் பேசுகிறவர்களை அவருக்குப் பிடித்திருந்தது போலும். இஸ்மாயிலைப் பார்த்த பார்வையிலும் ஒரு புது மதிப்பு. இஸ்மாயிலின் நடுக்கம் நின்று, முதல் தடவையாகச் சோற்றில் கை வைத்தார்.

பிறகு பெரியவர் கோட்டுப் பையிலிருந்து சிறிய கமெரா ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். “ஒரு படம் எடுக்கலாமா? ஹர்கைசாவில் பத்திரிகையில் போடுவார்கள். அதற்கு முன் ஒன்றை நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். உங்கள் அரசாங்கம் எங்களை அங்கீகரிக்கச் சந்தர்ப்பம் இருக்கிறதா?”

மத்தியாஸ் அண்ணை வாயைத் துடைத்துக்கொண்டார். இந்தக் கேள்விக்காகத்தான் முதல் நாளிலிருந்து தயாராக இருந்தார். “சொல்லு ராசன். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா முதல்ல அவை எங்களை ஏற்கோணும்.”

சொன்னேன். வார்சமேயின் நெற்றி சுருங்கியது. “உங்களையா? உங்களைத்தான் உலகத்தில் முக்கால்வாசி நாடுகள் அங்கீகரித்திருக்கின்றனவே!”

அதை அப்படியே தமிழில் சொன்னேன். மத்தியாஸ் அண்ணை மீன்முள்ளை வாயிலிருந்து எடுத்தார்.

“எப்பயடா? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?”

வார்சமே மெதுவாக அந்த மஞ்சள் வெள்ளைக் கொடியைச் சுட்டிக்காட்டினார். “இது வத்திக்கான் கொடி அல்லவா? நீங்கள் பாப்பரசரின் ஆள் அல்லவா?”

அட கடவுளே. எந்தக் கோயில் வளவிலும் தோரணமாகத் தொங்குகிற துணி. மன்னார்க்காரருக்கு அது திருநாள். கொடிகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிற, ஒவ்வொரு தூதரக வாசலிலும் காத்திருந்து பழகிய இந்த மனிதருக்கு அது ஒரு அரசு. அதுவும் எல்லாரும் ஏற்றுக்கொண்ட அரசு. மதாம் ழினெட்டுக்கு அண்ணை பிரெஞ்சில் விளக்கினார். அவர் “மொன் டியூ!” என்று மேசையில் அடித்து, கண்ணீர் வரச் சிரித்தார்.

இஸ்மாயில் சிரிக்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம். பெரியவர் படத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பார். பெண்ணும் கிடைத்திருக்கும், பத்திரிகை வெளிவந்து ஊர் சிரிக்கும் வரையாவது. ஆனால் இஸ்மாயில் எழுந்து நின்றார்.

“ஐயா, படம் எடுக்கவேண்டாம். இவர் வத்திக்கான் ஆள் இல்லை. காற்சட்டைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மதாம் என் வீட்டுச் சொந்தக்காரி. நான் டாக்சி ஓட்டுகிறேன். எனக்குப் பெரிய இடங்களில் ஒருவரையும் தெரியாது. இந்த வீட்டில் இருப்பவர்களைத்தான் தெரியும்.”

வார்சமே கமெராவைத் திரும்பப் பைக்குள் வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு அண்ணையிடம், “அப்படியென்றால் நீங்கள் எந்த நாடு?” என்றார்.

“அதுதான் பிரச்சினை” என்றார் அண்ணை. “இலங்கையிலை வடக்குப் பக்கம். சண்டை நிண்டிருந்த நேரம், ரெண்டாயிரத்து மூண்டிலை, வன்னிக்குப் போனனான். அங்கை எங்கட ஆக்களின்ரை பொலிஸ், எங்கட நீதிமன்றம், எங்கட பாங்க். மோட்டச்சைக்கிளிலை வேகமாப் போனன் எண்டு ஒரு பெடியன் மறிச்சுத் தண்டம் எழுதினவன். பேசாலை மத்தியாசுக்கே தண்டம்! அண்டைக்குத்தான் நினைச்சன், இது நாடுதான் எண்டு. நாடில்லாட்டி இவ்வளவு துணிவு வராது.”

வார்சமேயின் தாடிக்குள் ஏதோ அசைந்தது. “எங்கள் விமான நிலையத்தில் இறங்குகிறவர் கட்டாயம் டொலரை எங்கள் காசாக மாற்றவேண்டும். பொதி பொதியாகக் கொடுப்போம். எல்லாரும் திட்டுவார்கள். திட்டு வாங்குவது நாடாக இருப்பதற்கு நல்ல அடையாளம்.”

“வீதியில் நிற்கச் சொல்லும் பலகையில் பிரான்ஸ்காரர்கூட ‘ஸ்ரொப்’ என்றுதான் எழுதுகிறார்கள்” என்றார் மதாம் ழினெட். “நாங்கள் மட்டும் சுத்தப் பிரெஞ்சில் ‘அரெ’ என்று எழுதுகிறோம். இதற்குமேல் என்ன வேண்டும்? பத்து வருடத்துக்கு முன் தனிநாட்டு வாக்கெடுப்பில் ஒரு மயிரிழையில் தோற்றோம். நான் இன்னும் அந்த இரவின் ஷாம்பெயினைத் திறக்கவில்லை.”

“அப்ப நாங்கள் மூண்டு பேரும் இப்பவே ஒருத்தரை ஒருத்தர் ஏற்பம்!” என்றார் அண்ணை. “ஆர் தடுக்கிறது?”

இதைவிட எளிதான காரியம் உலகத்தில் இல்லை என்றுதான் நினைத்தேன். வார்சமே இரண்டு கையையும் தூக்கினார். “மன்னிக்கவேண்டும். நாங்கள் பிரிந்தவர்களை அங்கீகரித்தால், எங்களை அங்கீகரிக்க நினைப்பவர்கள் பயந்துவிடுவார்கள். அது எங்கள் கொள்கை.” மதாம் ழினெட் யோசித்துவிட்டு, தங்கள் கட்சியும் அப்படித்தான் சொல்லும் என்றார். மத்தியாஸ் அண்ணைக்கு முகம் விழுந்துவிட்டது. “அப்ப நானும் ஏற்கமாட்டன்” என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. ஒரே பானையில் சாப்பிட்டுக்கொண்டு மூன்று நாடுகளும் ஒன்றையொன்று மறுத்த அந்தக் கணத்தில், முதலில் சிரித்தவர் வார்சமே. தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு எல்லாரும்.

சிரிப்பு ஓய்ந்ததும் அவர் இஸ்மாயிலைப் பார்த்தார். இஸ்மாயில் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

“1960இல் பிரிட்டிஷ்காரர் போனதும் நாங்கள் ஐந்து நாள் முழு நாடாக இருந்தோம்” என்றார் பெரியவர். “ஐந்தாம் நாள் தெற்குச் சோமாலியாவோடு ஒரு கலியாணம் கட்டினோம். அவசரக் கலியாணம். அது முறிந்ததிலிருந்து எங்களோடு பேச ஆளில்லை. அதனால் கலியாண விடயத்தில் நான் அவசரப்படுவதில்லை. நான் இங்கே தூதர்களைப் பார்க்க வரவில்லை, இஸ்மாயில். எங்கள் வழக்கத்தில் பையன் தன் வாயால் பெண் கேட்பதில்லை. அவனுடைய பெரியவர்கள் வந்து இருந்து கேட்கவேண்டும். உன் தகப்பனும் இல்லை, சிறிய தகப்பனும் இல்லை. இந்த ஊரில் உனக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? அதை அறியத்தான் பெரியவர்களோடு பழகுகிறவனா என்று கேட்டேன்.”

இஸ்மாயில் சட்டைக் கையின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். ஒட்டாவாவில் ஒருத்தி அந்நேரம் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்திருப்பாள்.

“என்னவாம்?” என்றார் மத்தியாஸ் அண்ணை.

ஒன்றும் விடாமல் சொன்னேன்.

“பொம்பிளை கேக்கிறதோ? இவ்வளவுதானோ? இதுக்கே காலமை துவங்கிக் கொடி தேடினனாங்கள்?” எழுந்துபோய்க் கையைக் கழுவினார். சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டினார். தலைமைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, இஸ்மாயிலுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். இஸ்மாயிலின் சட்டையைப் பிடித்து இழுத்து அவரையும் இருத்தினார். “ஐயா, வணக்கம். நாங்கள் மாப்பிள்ளை பகுதி.”

நான் சொல்லி முடிக்குமுன்னே, விடயம் என்ன என்று ரொசலின் அக்காவிடம் சைகையால் கேட்டறிந்த மதாம் ழினெட்டும் தன் கதிரையை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார். மேசையின் அந்தப் பக்கத்தில் வார்சமே தனியாக இருந்தார். எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“எங்கள் ஊரில் இந்தப் பேச்சு, மாப்பிள்ளை பகுதி கொடுக்கும் ஒட்டகத்திலிருந்துதான் தொடங்கும்” என்றார். “எத்தனை ஒட்டகம்?”

அதை மொழிபெயர்த்தேன். மத்தியாஸ் அண்ணை இஸ்மாயிலைத் திரும்பிப் பார்த்தார். வெளியே நின்ற டாக்சியை ஜன்னலால் ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு, பேசாலையில் தன் தம்பிமாருக்குச் சம்பந்தம் பேசிய மாதிரியே, கதிரையை இன்னும் ஒரு சாண் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.